31 பேர் உள்ளே, 30 பேர் வெளியே

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக்கு நடுவே ஓர் எண்ணெய் ஆலை. அதன் கேட்டில் 22 வருஷம் வேலை பார்த்தேன். முதலில் சாதாரண ஜாகா, அதாவது காவலாளி, கடைசி 9 வருஷம் சூப்பர்வைசர். ஆலையின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்கள் இன்னும் அங்கே சம்பளம் வாங்குகிறார்கள்.

இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட ஆளுக்கொரு வழி. ஒருவர் நாலு நம்பர் லாட்டரிக்குக் கனவுக் கணக்குப் போடுவார். இன்னொருவர் போனில் பழைய பாட்டை வைத்துக்கொண்டு கூடவே பாடுவார். நான் ராக்கெட் ஏவுதளங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பேன். ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது, என்ன எரிபொருள் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். அங்கே கேட் எப்படி இருக்கிறது, யாரை உள்ளே விடுகிறார்கள், உள்ளே போனவனை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள், இதுதான் என் தேடல். மகள் கேலி பண்ணுவாள்: "ஊரே ராக்கெட் மேல போறதப் பாக்குது, நீங்க மட்டும் அங்க நிக்கிற ஜாகாவப் பாக்குறீங்கப்பா."

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு சாயங்காலம்தான் காரணம்.

ஆலையில் பாய்லரை அவ்வப்போது நிறுத்திச் சுத்தம் செய்து சோதனைக்குத் தயார் பண்ணுவார்கள். அந்த நாட்களில் குத்தகைக்காரரின் ஆட்கள் வெளியிலிருந்து வருவார்கள். வெல்டிங் போடுகிறவர்கள், குழாய் தேய்க்கிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள். பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும், நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர். அன்று வேலை முடிந்த கடைசி நாள். பாய்லரின் மேன்ஹோலை மூடி, நாரும் ஓடும் அள்ளிப் போட்டு நெருப்பு வைக்க வேண்டியதுதான் பாக்கி. கேட்டில் ஒரு நேப்பாளி இளைஞன், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"போஸ், சத்து ஓராங் பெலும் கெலுவார்."

ஓர் ஆள் இன்னும் வெளியே வரவில்லை. நோட்டைப் பார்த்தேன். காலையில் 31 கையெழுத்து, மாலையில் 30.

குத்தகைக்காரரின் மேஸ்திரி சிரித்தார். "கையெழுத்துப் போட மறந்திருப்பான் ஐயா, இவனுங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்." எஞ்சினியர் நம்ம பையன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன் முகம் மாறிவிட்டது. "அண்ணே, ரேம்ப்புல பழ லோரி வரிசையா நிக்குது. நேத்து வெட்டின குலை. ஒரு கையெழுத்துக்காக நெருப்ப நிப்பாட்டச் சொல்றீங்களா?"

அவன் அவசரத்திலும் நியாயம் இருந்தது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். ஆனாலும் நிறுத்தச் சொன்னேன். எனக்கு அப்போது பெரிய கொள்கை எதுவும் கிடையாது. மூடிய பாய்லருக்குள் ஓர் ஆள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பது போல மனதில் ஒரு படம் வந்துவிட்டது. அது போக மாட்டேன் என்றது.

மேன்ஹோலை மறுபடி திறந்தார்கள். டார்ச் அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். சைலோ, ரேம்ப், கழிவறை, பழைய ஸ்டோர் எல்லாம் தேடினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் அந்த நேப்பாளிப் பையன்தான் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அவனைக் கண்டுபிடித்தான். ரோட்டோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தானாம். முன் கேட்டைச் சுற்றிப் போனால் 20 நிமிஷ நடை. ஆலைக்குப் பின்பக்க வேலியில் ஓர் ஓட்டை, அது வழியாகப் போனால் 5 நிமிஷம். நாலு மணிக்கே போய்விட்டிருக்கிறான்.

மறுநாள் ஆபீசில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

அந்த வாரம்தான் 2014இல் நடந்த ஒன்றைப் படித்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாலப்ஸ் என்ற ஏவுதளம். அக்டோபர் 27 அன்று ஆன்டாரெஸ் ராக்கெட் கிளம்பத் தயாராக நிற்கிறது. கடலில் ஆட்கள் இருக்கக் கூடாத எல்லைக்குள் ஒரு படகு வந்துவிட்டது. ஒரே ஒரு படகு. அன்றைய ஏவுதலை ரத்து செய்துவிட்டார்கள். மறுநாள் 28ஆம் தேதி ஏவினார்கள். கிளம்பிய சில விநாடிகளிலேயே வெடித்துத் தளத்தருகே விழுந்தது. யாருக்கும் காயமில்லை, ஏனென்றால் இருக்கக் கூடாத இடத்தில் யாரும் இல்லை. முதல் நாள் அந்தப் படகைப் பார்த்து எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெரிய ஆறுதல். என் ஆள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனால் நிறுத்தியது தப்பில்லை.

2022 ஜனவரி 30 அன்றும் இதே கதை. ஃபுளோரிடாவில் ஓர் இத்தாலியச் செயற்கைக்கோளோடு பால்கன் 9 நிற்கிறது. ஒரு பயணிகள் கப்பல் குறுக்கே வந்துவிட்டது. அன்றைக்குப் போகவில்லை, மறுநாள்தான் போனது. கோடிக்கணக்கான வெள்ளி பெறும் ராக்கெட்டை ஒரு கப்பலுக்காக நிறுத்தலாமென்றால், கையெழுத்துப் போடாத ஒருவனுக்காக எங்கள் பாய்லர் நிற்பதில் என்ன குறைந்துவிடும்?

கேட் என்றால் ஆளைத் தடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் 13 வருஷம் அப்படித்தான் நினைத்தேன். வந்தவனை முறைப்பது, பையைத் திறக்கச் சொல்வது, விசில் ஊதுவது. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் புரிந்தது, இந்த நிமிஷம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடிய வேண்டும், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். எங்கள் ஆலையில் 16 கேமரா இருந்தது. ஓட்டை வழியாகப் போனவன் ஒன்றில்கூட விழவில்லை.

எஸ்டேட்டுக்காரர்களுக்கு எண்ணிக்கை புதிதல்ல. அப்பா காலத்தில் விடியற்காலை பெரட்டு. இருட்டிலேயே ஆபீஸ் முன்னால் போய் நிற்க வேண்டும். மண்டோர் என்கிற மேஸ்திரி பெயர் கூப்பிட, கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், செக்ரோல் என்ற ஆள் கணக்கு நோட்டில் புள்ளி வைப்பார். ஆனால் காலையில்தான் எண்ணினார்கள். சாயங்காலம் எண்ணியதில்லை. பேர் போடுவது சம்பளத்துக்காக, ஆள் வீடு திரும்பினானா என்பது துரைக்கு வேண்டாத கணக்கு. எங்கள் பெரியப்பா ஒருநாள் மழையில் வழுக்கி அல்லூரில், அதாவது வடிகால் பள்ளத்தில், விழுந்து கால் முறிந்து கிடந்தார். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துப் பெரியம்மா லயத்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனபிறகுதான் ஆட்கள் தீப்பந்தத்தோடு கிளம்பினார்கள். நிர்வாகத்தின் நோட்டில் அன்று அவருக்கு முழு நாள் பேர்.

பாட்டி சொன்ன கேட் இன்னும் பழையது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட்டில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டார்கள், அதோடு அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். பால் டின் வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்களாம், சேர்த்து வைக்க முடியாதபடி. பாட்டிக்குக் கேட் என்ற வார்த்தையே பிடிக்காது. நான் ஜாகா வேலைக்குச் சேர்ந்த அன்று, "சோத்துச் சட்டியக் கெளர்ற வேலையா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இன்றுவரை பெண்களின் சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் திறக்கச் சொன்னதில்லை. விதியில் இருந்தது, நான் செய்யவில்லை. சரியா தப்பா என்று கேட்காதீர்கள்.

சரி, நான் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

விண்வெளி ஓடங்கள் பறந்த காலத்தில், அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ஓடத்துக்குள் வேலைக்கு ஏறுபவர் தன் அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவாராம். வாசலில் தங்கும் அட்டைகளைப் பார்த்தாலே உள்ளே யார் என்று தெரியும். கையில் எடுத்துப் போகும் கருவிகளையும் எழுதி வைத்து, வெளியே வரும்போது சரிபார்ப்பார்களாம். இது போதும் எனக்கு. ஆலையில் தூக்கிப் போட்டிருந்த நீல பிளாஸ்டிக் பீப்பாயை அறுத்து வில்லைகள் செய்தேன். தீப்பெட்டி அளவு, ஓரத்தை அரத்தால் ராவி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டு, நம்பரையும் அதே ஆணியால் சுட்டே எழுதினேன். பெயின்ட் எண்ணெய்க் கையில் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒரு பழைய கதவுப் பலகையில் 60 ஆணி. கேட்டில் நுழைபவர் பேர் எழுதி ஒரு நீல வில்லை வாங்கிக்கொள்வார். பாய்லருக்குள்ளோ டேங்குக்குள்ளோ இறங்குபவர் அந்த நீல வில்லையை மேன்ஹோல் பக்கத்துச் சின்னப் பலகையில் மாட்டிவிட்டுச் சிவப்பு வில்லையோடு இறங்குவார். சின்னப் பலகையில் ஒரு நீலம் தொங்கினாலும் மூடிமேல் யாரும் கை வைக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும்.

முதல் வாரம் மூன்று வில்லைகள் பாக்கெட்டிலேயே வீட்டுக்குப் போய்விட்டன. போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னோம், அவரவர் பெட்ரோலில். ஒருவர் ஈப்போ போய்விட்டு வந்தார், வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பார். இரண்டு மாதத்தில் வில்லை தொலைவது நின்றது. இங்கே இளகினால் பலகை வெறும் அலங்காரம்தான். கேட்டில் இருப்பவனே மீதி ஆணியில் வேறொரு வில்லையை மாட்டிக் கணக்கை நேராக்கிவிடுவான். பார்த்திருக்கிறேன்.

ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எங்களிடமும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள். அடுத்தவரின் மைகார்டைப் பிடித்து வைக்க ஜாகாவுக்கு அதிகாரம் கிடையாது என்று தேசியப் பதிவு இலாகா பலமுறை சொல்லியிருக்கிறது. பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும்.

வேலி ஓட்டைக்கு வருகிறேன். நிர்வாகம் உடனே அடைக்கச் சொன்னது. அடைத்தோம். மூன்றே நாளில் பத்தடி தள்ளி இன்னொன்று. அங்கே போய் நின்று பார்த்தேன், பாதை நல்ல பழகிய பாதை, புல் முளைக்காத அளவுக்கு. சாப்பாட்டுக் கடையும் தொழுகை இடமும் அந்தப் பக்கம். அரை மணி நேர இடைவேளையில் 40 நிமிஷம் நடக்கச் சொன்னால் எவன் நடப்பான்? ஆறு மாதம் எழுதி எழுதி, அங்கேயே ஒரு சிறு கேட் வாங்கினேன், பகலில் மட்டும் ஒரு ஜாகா, ஒரு பலகை. அதற்குப் பிறகு கம்பி அறுபடவில்லை.

இதில் பெரிய இடங்களும் சின்ன இடங்களும் ஒன்றுதான் போலிருக்கிறது. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தைக் காக்க பிரான்சின் அந்நியர் படையே அந்த ஊரில் இருக்கிறது. 2017 மார்ச்சில் அந்த ஊர் மக்கள் ஆஸ்பத்திரி, பள்ளி, பாதுகாப்பு, வேலை என்று கேட்டுப் போராட்டத்தில் இறங்கி ஏவுதளத்துக்குப் போகும் ரோட்டை மறித்தார்கள். மார்ச் 21 போக வேண்டிய ஏரியன் 5 ராக்கெட் மே 4 அன்றுதான் கிளம்பியது. துப்பாக்கியும் வேலியும் இருந்து என்ன, கேட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு ஒரு குறை இருந்தால் அது கேட்டுக்குத்தான் வந்து சேரும்.

2023 ஜூலையில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். 14ஆம் தேதி சந்திரயான் 3. மச்சான் என்னைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. உள்ளே போகச் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியைக் கடக்கும் ரோடு, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவல். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, கரையில் கூட்டத்தோடு நின்றோம். மத்தியானம் 2.35க்குக் கிளம்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நானும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் அதற்கு முன்னாலேயே கரையில் வரிசையாக ஏற்றி வைத்த படகுகளுக்குப் போய்விட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ராக்கெட் உட்ற அன்னிக்குத் தொழிலுக்குப் போகக் கூடாது சார். முன்னாடியே சொல்லிடுவாங்க." அன்றைய கூலி? அவர் சிரித்துவிட்டு வலையைத் தொடர்ந்தார். கடலை காலி செய்வது அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் செலவில் ஒரு பங்கு இவர் சட்டைப் பையிலிருந்தும் போகிறது என்பது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்றுதான் யோசித்தேன். எங்கள் பின் கேட்டுக்கு ஆறு மாதம் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன.

இனி, நான் அதிகம் பயப்படும் விஷயம். 'போகலாம்' என்று சொல்வது.

1981 மார்ச் 19. கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முதலாகப் பறக்க மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. ஏவுதளத்தில் ஓர் ஒத்திகை முடிந்தது. இனி வேலைக்குப் போகலாம் என்று தளத்தைத் திறந்துவிட்டார்கள். ஓடத்தின் பின்பகுதி அறையில் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனைச் செலுத்தி வைத்திருந்தார்கள், அது அப்போதும் போய்க்கொண்டிருந்தது. அது உள்ளே ஏறிய ஆட்களுக்குத் தெரியாது. நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவான். ஒருவர் அன்றே இறந்தார், இன்னொருவர் சுமார் இரண்டு வாரத்தில். அத்துமீறி நுழைந்தவர்கள் இல்லை அவர்கள். முறையான அட்டை, முறையான நேரம், முறையான வேலை. கேட்டுக்குச் சொன்ன சேதிதான் பழையது.

எண்ணெய் ஆலையில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். எங்கள் கழிவு டேங்கில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவும் சேரும். அந்த வாயு அதிகமானால் மூக்கே செத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வான். மலேசியாவில் மூடிய இடங்களுக்கான 2010ஆம் வருஷத்து நடைமுறைக் கோவை தெளிவாக இருக்கிறது. பயிற்சி பெற்றவர் வாயுவை அளக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், வெளியே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் காலை அளந்தபோது எல்லாம் சரி, 20.9. பெர்மிட்டில் கையெழுத்து. இரண்டு பேர் இறங்கி வேலை செய்து, பசியாற மேலே வந்தார்கள். இடைவேளையில் யாரோ பக்கத்து டேங்கின் வால்வைத் திறந்திருக்கிறார்கள். திரும்ப இறங்கப் போகும்போது மேன்ஹோலில் நின்ற பெண், ஒல்லியாக, கறாரான தங்கச்சி ஒருத்தி, "மறுபடி அளந்தாத்தான் சிவப்பு வில்லை குடுப்பேன்" என்று பலகையை முதுகால் மறைத்து நின்றாள். "காலையிலதான அளந்தாங்க" என்றதற்கு, "காலையில நீங்க பசியாறலயே, இப்ப பசிக்கலையா?" என்றாள். அளந்தார்கள். மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் விதி: ஆள் வெளியே வந்தால் பெர்மிட் செத்தது. எவ்வளவு நேரம் என்பது பேச்சில்லை. சேதியும் வாய்ச் சேதியாக வரக் கூடாது. பாய்லர்மேன் சொன்னார், எஞ்சினியர் சரின்னார் என்பதெல்லாம் என்னிடம் செல்லாது. சொன்னவர் நேரில் வந்து, தன் வில்லையை மாட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஜாகாவைவிடப் பெரியவர்களை என்ன செய்வது? 22 வருஷத்தில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. தொழிலாளியை நிறுத்துவது சுலபம். வெள்ளை ஹெல்மெட் போட்ட நாலு விருந்தாளிகளோடு மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே காரில் உள்ளே போனால் எந்த ஜாகா குறுக்கே நிற்பான்? 1960 அக்டோபர் 24 அன்று சோவியத் நாட்டின் பைக்கனூரில் நடந்தது தெரியுமா? எரிபொருள் நிரப்பிய ஆர் 16 ஏவுகணையில் கோளாறு. எரிபொருளை இறக்காமலே பழுது பார்க்கிறார்கள். ஏவுகணைப் படைகளின் தலைவர் மார்ஷல் நெடெலின், வேலையை விரட்டுவதற்காக, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரியவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, பாதுகாப்பான இடத்துக்குப் போகிறேன் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டாம் அடுக்கு எஞ்சின் தானாகப் பற்றிக்கொண்டது. அவரும் அவரைச் சுற்றி இருந்த பல பத்துப் பேரும் எரிந்துபோனார்கள். அதை வடிவமைத்த யாங்கெல் தப்பித்தார், சிகரெட் பிடிக்கப் பதுங்கு அறைக்குப் போயிருந்ததால். நெடெலின் விமான விபத்தில் இறந்ததாகத்தான் அன்று நாட்டுக்குச் சொன்னார்கள்.

நான் மேனேஜரிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் வேறு வேலை தேடியிருப்பேன். பதிலாகப் பலகையின் முதல் ஆணியில் 1ஆம் நம்பர் வில்லையை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு மாட்டினேன். "சார், இது உங்களோடது, வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்" என்றேன். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து காரை நிறுத்தி, இறங்கி, தானே எடுத்து மாட்டிக்கொண்டார். விருந்தாளிகளிடம் "எங்க இடத்துல நானே இது இல்லாம போக மாட்டேன்" என்று பெருமை அடித்துக்கொண்டதைக் காதாலேயே கேட்டேன். சட்டம் பேசி நான் சாதிக்காததை ஒரு மஞ்சள் கோடு சாதித்தது.

வேலையை விட்டபிறகு பலகையை மறந்திருப்பேன். போன வருஷம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நீர் ராக்கெட் போட்டி. ஒன்றரை லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப் வைத்துக் காற்றடைத்து, கயிற்றை இழுத்தால் சர்ரென்று மேலே போகும். விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள் அதன் முனை ஒரு தகரக் கூரையில் போட்ட பள்ளத்தைப் பார்க்க வேண்டும். "ஐயா, நீங்க வந்து பாதுகாப்பப் பாத்துக்குங்க" என்று ஆசிரியை கூப்பிட்டார். மறுபடியும் பீப்பாய், அரம், ஆணி. 40 வில்லை.

ஏவும் இடத்தைச் சுற்றிக் கயிறு. வில்லை உள்ளவர்தான் கயிற்றுக்குள். பம்ப் அடிக்கிறவனுக்கு மட்டும் ராக்கெட்டை இழுத்துவிடும் கயிற்றை மாட்டும் கொக்கி, அதை அவன் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். அவன் வெளியே வந்து கொக்கியைக் கொடுத்தால்தான் ராக்கெட் போக முடியும். அப்புறம் சிவப்புக் கொடி. அதை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கொடுத்து, "யாரு உள்ள வந்தாலும் தூக்கு. யாரையும் கேக்காத. தப்பாத் தூக்கினா திட்ட மாட்டேன், தூக்காம விட்டாத்தான் திட்டுவேன்" என்றேன்.

எட்டாவது ராக்கெட்டுக்குக் காற்று ஏற்றியாகிவிட்டது. சிறப்பு விருந்தினராக வந்த டத்தோ போனை நீட்டிக்கொண்டு, நல்ல படம் வேண்டுமென்று, கயிற்றைத் தாண்டிவிட்டார். கொடி மேலே போனது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் பதறி, "பாப்பா, கீழ போடு, அது டத்தோ" என்று கிசுகிசுத்தார். பாப்பா கொடியை இறக்கவில்லை. அவள் கை நடுங்கியது, உதடு அழுவதற்குத் தயாராக இருந்தது. "அவர்கிட்ட வில்லை இல்ல சார்" என்றாள். ஒரு பத்து விநாடி திடலே அமைதி. டத்தோ திரும்பிப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், ஒரு மாதிரி சிரித்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போனார். பாட்டில் காற்றை இறக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த ராக்கெட் நேராகப் போகாமல் அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அழகாகப் போய்த் திடலின் மறுகோடியில் விழுந்தது.

சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது பலகையைப் பார்த்தேன். 17ஆம் ஆணி காலி. பேர் நோட்டில் நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன். ஆசிரியை, "விடுங்க ஐயா, ஒரு பிளாஸ்டிக் துண்டுதான, திங்கக்கெழமை கொண்டு வருவான்" என்றார். அவருக்குக் களைப்பு. எனக்கும்தான், முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தது. மோட்டாரை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போனேன். மூன்றாவது வீட்டில் விசாரித்ததும் சொல்லிவிட்டார்கள். பாட்டி மட்டும் வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளே சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வில்லையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், முனியாண்டி காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

"எதுக்குங்கய்யா, பரிசா?" என்றார் பாட்டி.

"இல்லங்கம்மா. வீட்டுக்கு வந்துட்டானான்னு பாக்க வந்தேன்."

வில்லையை வாங்கிக்கொண்டேன். திரும்பிப் போனபோது பள்ளி கேட் பூட்டியிருந்தது. மோட்டார் வெளிச்சத்திலேயே நோட்டை விரித்து, 17க்கு நேரே நேரத்தை எழுதினேன். இரவு 7.40.